சூட்கேஸ் வருது

அந்த வண்டி தெருவுக்குள் வந்து நின்ற அன்று, யாரோ சினிமாக்காரர் வந்திருக்கிறார் என்றுதான் முதலில் பேச்சு கிளம்பியது. எதிர்வீட்டுத் தையல்காரி தைத்துக்கொண்டிருந்த சட்டையை மிஷினிலேயே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வந்தாள். வெள்ளை நிறம், இரண்டு ஆள் உயரம், பக்கவாட்டில் திரை போட்ட ஜன்னல்கள். படப்பிடிப்புக்கு வருமே கேரவன், சாட்சாத் அதேதான். கதவு திறந்தது. முட்டி வரைக்கும் டவுசர் போட்ட ஒரு தொப்பைக்காரர் இறங்கி, சோம்பல் முறித்து, பதினான்காம் நம்பர் வீட்டைப் பார்த்து, "அண்ணி, ஒரு ராத்திரிதான்" என்றார்.

தையல்காரிக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, அடுத்து வந்த நாட்களில் எந்த சினிமாவிலும் கிடைக்காத காட்சியெல்லாம் அவளுக்கு வாசலில் உட்கார்ந்தபடியே கிடைத்தது.

அந்த ஒரு ராத்திரி இப்போது பத்தொன்பது ராத்திரி ஆகிவிட்டது.

அண்ணி என்று அழைக்கப்பட்டவளுக்குத் தெருவில் பினாயில் அக்கா என்று பெயர். அவள் முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, ஆனால் அவளுக்கும் தெரியும். காலையில் அவள் வாசலைக் கழுவிவிட்டால் நாலு வீடு தள்ளி இருப்பவர்களுக்கும் மூக்கு திறக்கும். வேலையும் அப்படி. பெரிய ஆஸ்பத்திரியில், அறுவை சிகிச்சைக் கத்தி, கத்தரி எல்லாவற்றையும் கழுவி, நீராவியில் வேகவைத்து, உறையில் போட்டு ஒட்டி அனுப்புகிற பிரிவுக்கு அவள்தான் மேற்பார்வையாளர். இருபத்திரண்டு வருடம். அந்தப் பிரிவுக்கு இரண்டு கதவு உண்டு. அழுக்கு ஒரு கதவால் வரும், சுத்தமானது இன்னொரு கதவால் போகும். வந்த வழியில் எதுவும் திரும்பக் கூடாது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருத்தி ஒருநாள் அழுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு குறுக்கு வழியாகப் போய்விட்டாள் என்று, அன்றைக்கு வேகவைத்த இருநூறு பொட்டலத்தையும் பிரித்துத் திரும்ப வேகவைக்க வைத்தவள் இவள். பெரிய டாக்டரே வந்து கெஞ்சியும் மசியவில்லை.

வீட்டிலும் அதே சட்டம்தான் நடந்தது. செருப்புக்கு ஒரு மூலை, வெளியே போட்டுக்கொண்டு போன துணிக்கு ஒரு கூடை, கை கழுவாதவர்களுக்குக் கூடத்து நாற்காலி கிடையாது. ஆனால் வீட்டைக் கட்டியவன் ஆஸ்பத்திரியைக் கட்டியவன் இல்லையே. ரயில்பெட்டி மாதிரி நீளமான வீடு. முன்வாசல், கூடம், கூடத்தோடு ஒட்டிய சமையலறை, அதைத் தாண்டினால் கடைசியில் ஒரே ஒரு குளியலறை, கழிப்பறையோடு சேர்ந்தது. பின்பக்கம் பக்கத்து வீட்டுச் சுவர். ஆக, இந்த வீட்டில் எது வந்தாலும் போனாலும் ஒரே வழிதான்.

கொழுந்தனுக்கு அது போதுமானதாக இருந்தது.

அவர் தண்ணீர் பம்ப் விற்கிற கம்பெனியில் முப்பது வருடம் ஊர் ஊராக அலைந்து ஓய்வு பெற்றவர். அலைந்து அலைந்து கால் வீட்டில் தங்கவில்லை போலிருக்கிறது. இருந்த வீட்டை விற்று இந்த வண்டியை வாங்கிவிட்டார். அதை மோட்டார்ஹோம் என்று சொல்ல வேண்டும், வண்டி என்று சொன்னால் கோபம் வரும். உள்ளே கட்டில், அடுப்பு, மடக்கு மேஜை, குளிர்பெட்டி, இன்னும் ஒரு சின்ன அறை. நாலு மாதம் மலை, கடல் என்று சுற்றிவிட்டு, அண்ணன் இருக்கிற நகரத்துக்கு வந்ததும் அவருக்கும் மனைவிக்கும் கால் ஓய்ந்துவிட்டது.

நகரத்தில் இப்படிப்பட்ட வண்டிகளுக்கென்றே பஸ் டெப்போவுக்குப் பின்னால் மாநகராட்சி ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது. தண்ணீர்க் குழாய் உண்டு, கழிவைக் கொட்டக் குழி உண்டு. அங்கே போகச் சொன்னால் கொழுந்தனுக்கு முகம் சுண்டிவிடும். "சொந்த அண்ணன் வீடு இருக்கும்போது முன்னே பின்னே தெரியாதவங்களோட போய்க் கிடக்கணுமா" என்பார். குடியிருப்புத் தெருவில் ஆள் தூங்குகிற வண்டி ஒரே இடத்தில் மூன்று ராத்திரிக்கு மேல் நிற்கக் கூடாது என்று விதி இருக்கிறதே என்றால், அதற்கும் அவரிடம் வழி இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் வண்டியைக் கிளப்புவார். தெருவே எட்டிப் பார்க்கும். ஒரு வண்டி நீளம் முன்னே போய் நிறுத்துவார். அடுத்த மூன்றாம் நாள் ஒரு வண்டி நீளம் பின்னே. விதி பிழைத்தது, அவரும் பிழைத்தார்.

நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும். நிற்கிற வண்டி சும்மா நிற்க வேண்டுமே. அடியில் ஒரு குழாய் வழியாகப் பாத்திரம் கழுவிய தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சாலையோரம் இறங்கி, பருக்கையும் எண்ணெய்ப் படலமுமாகப் பதினான்காம் நம்பர் வாசற்படிக்குக் கீழே வந்து தேங்கியது. அதில் ஈ மொய்த்தது. ஓரகத்தி, அதாவது கொழுந்தனின் மனைவி, காலையில் வண்டிப் படியில் உட்கார்ந்து தலை வாருவாள். உதிர்ந்த முடியை விரலில் சுருட்டி, நல்ல பிள்ளையாகக் காற்றில் விடுவாள். அந்த முடிச்சுகள் உருண்டு உருண்டு, தெருவில் வேறு இடமே இல்லாத மாதிரி, பினாயில் அக்காவின் மிதியடியில் வந்து ஒட்டும். கொழுந்தன் பல் தேய்ப்பது சாலையோரத்தில், எல்லோருக்கும் தரிசனம் கொடுத்தபடி. துப்பும்போது தொண்டையின் அடியாழத்திலிருந்து ஒரு சத்தம் வரும். தையல்காரி அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அடுப்பு பற்றவைப்பதாகச் சொன்னாள்.

இதெல்லாம் ஒரு பக்கம். சூட்கேஸ் இன்னொரு பக்கம்.

முதல் நாள் காலை ஏழு பத்துக்கு, பினாயில் அக்கா கூடத்து மேஜையில் மதியச் சாப்பாட்டை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தபோது, வாசலில் கொழுந்தனின் குரல் கேட்டது. "அண்ணி, கொஞ்சம் வழி விடுங்க, சூட்கேஸ் வருது." அவளுக்குத் திக்கென்றது. ஒரு ராத்திரி என்றவர் துணிமணியோடு குடியேற வருகிறாரே என்று நினைத்தாள். நிமிர்ந்து பார்த்தால், கைப்பிடியும் இரண்டு சக்கரமும் வைத்த வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு அவர் கூடத்தைக் கடந்தார். சக்கரம் தரையில் கடகடவென்றது. பெட்டிக்குள் ஏதோ களக் களக் என்று அலம்பியது. சமையலறையைத் தாண்டி, குளியலறைக்குள் நுழைந்து, கதவைக் கூடச் சாத்தவில்லை.

பிறகு ஒரு சத்தம். எழுத வேண்டாம் என்று பார்க்கிறோம், ஆனால் எழுதாவிட்டால் அவள் பட்டது புரியாது. கெட்டியானதும் தண்ணியானதும் சேர்ந்து, நின்று நின்று, ஏப்பம் விட்டு விட்டுக் கொட்டுகிற சத்தம். அதன் பின்னாலேயே வாடை வந்தது. இரண்டு பேர், இரண்டு நாள், மூடிய பெட்டி, வெயிலில் நின்ற வண்டி. பினாயில் அக்கா கையில் டப்பா மூடியோடு சிலையாக நின்றாள்.

வண்டிக்குள் இருந்த அந்தச் சின்ன அறை என்ன அறை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அதோடு போயிற்றா. காலியான பெட்டியை அலச வேண்டுமே. அலசுவதற்கு அவர் எடுத்தது அவள் தலைக்கு ஊற்றிக் குளிக்கிற மக்.

அன்றைக்கே அந்த மக்கைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். சாயங்காலம் புதிது வாங்கி வந்தாள். மறுநாள் ஏழு இருபத்தைந்துக்குக் குளியலறையிலிருந்து கொழுந்தனின் குரல், "புது மக்கா அண்ணி, கைக்கு நல்லா அடக்கமா இருக்கு."

அவள் சும்மா இருந்தாள் என்று சொல்ல முடியாது. நேரே சொல்லவில்லை, அவ்வளவுதான். தான் வேலைக்குப் போன பிறகு ஒன்பது மணிக்குக் கொண்டு வந்தால் வசதியாக இருக்குமே என்று சொல்லிப் பார்த்தாள். "அது அதுவரைக்கும் தாங்காது அண்ணி" என்று அவர் ரொம்ப அக்கறையாகச் சொன்னார். பெட்டியில் ஊற்றுகிற நீல மருந்து ஒன்று உண்டாம், வாடை வராமல் இருக்க. அதைப் பற்றி விசாரித்தாள். அண்ணன் வீட்டுக்குத்தானே போகிறது, எதற்கு வீண் செலவு என்று அதை நிறுத்திவிட்டதாகப் பதில் வந்தது. கடைசியில் வாசலிலிருந்து குளியலறை வரைக்கும் ஒரு நீளமான பிளாஸ்டிக் விரிப்பை விரித்து வைத்தாள். கொழுந்தன் படியேறி வந்து அதைப் பார்த்து நெகிழ்ந்து போய்விட்டார். "நமக்குள்ள எதுக்கு அண்ணி இந்த மரியாதையெல்லாம்."

வீட்டுக்காரரிடம் சொல்லலாம் என்றால், அவர் பேரே தெருவில் ஆகட்டும் சார். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவர். எதைச் சொன்னாலும் ஆகட்டும் என்பார், சொன்னதும் அப்படியே இருக்கும், அவரும் அப்படியே இருப்பார். ஒரு ராத்திரி அவள் பொறுக்க மாட்டாமல், உங்கள் தம்பியிடம் நீங்களே பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள் என்றாள். ஆகட்டும் என்று எழுந்து வண்டிக்குப் போனார். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். சீட்டாட்டத்தில் நாலு ஆட்டம் ஜெயித்திருந்தார்.

"சொன்னீங்களா?"

"சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள எனக்கு நல்ல சீட்டா விழுந்துடுச்சு."

நீயே சொல்லேன் அம்மா, வாயில்லையா உனக்கு என்று கேட்கலாம். கேட்டவர்களும் உண்டு. தையல்காரி பித்தான் தைத்துக் கொடுக்கிற சாக்கில் அதைத்தான் கேட்டாள். பினாயில் அக்கா மென்று முழுங்கினாள். காரணம் இருந்தது.

ஆறு வருடத்துக்கு முன் அவள், தான் கழுவிய தரையிலேயே தான் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டாள். ஆறு வாரம் படுக்கை. புரளக் கூட முடியாது. அப்போது ஓரகத்தி தன் வீட்டைப் பூட்டிவிட்டு வந்து இங்கேயே கிடந்தாள். காலையும் மாலையும் படுக்கைக்கடியில் தட்டு வைத்தாள், எடுத்தாள், கழுவினாள், துடைத்துவிட்டாள். ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை, ஒருநாளும் அதைப் பற்றி வெளியே பேசவுமில்லை. அப்படிப்பட்டவளிடம் போய், உங்களுடையது எனக்கு நாற்றமடிக்கிறது என்று எந்த வாயால் சொல்வது. சொன்னால் பினாயில் அக்கா மனுஷியா என்று சொந்தபந்தம் முழுக்கக் கேட்கும். அதைவிட, அவளே தன்னைக் கேட்டுக்கொள்வாள். அவர்கள் போக வேண்டும், ஆனால் அவள் போகச் சொல்லாமல் போக வேண்டும். அதுதான் அவள் தினமும் வேண்டிக்கொண்டது.

பத்தொன்பதாம் நாள் சக்கரம் விரிப்பில் சிக்கியது. பெட்டி ஒரு குலுங்கு குலுங்கியது. மூடி இடுக்கிலிருந்து நாலு சொட்டு, சமையலறை வாசலிலிருந்து மூன்றாவது தரை ஓட்டில் விழுந்தது. கொழுந்தன் அதைக் காலுறையாலேயே தேய்த்துவிட்டு, அதே காலுறையோடு கூடம் முழுக்க நடந்து போனார்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் மதியம் டப்பாவைத் திறந்து, மூடினாள். சாப்பிடவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். வார்டு அலுவலகத்துக்குப் பெயர் போடாமல் ஒரு புகார் எழுதினாள்.

எழுதுவது சுலபமாகத்தான் இருந்தது, அந்தப் பெட்டி வருகிற இடம் வரும் வரைக்கும். ஆஸ்பத்திரியில் சீழ், ரத்தம் எதையும் பெயர் சொல்லிப் பதிவேட்டில் எழுதுகிற கைதான். ஆனால் இது வீட்டுச் சமாசாரம், கூடத்தில் வந்து விழுந்தது. அந்தச் சொல்லை எழுதினால் தாள் நாறும் போல அவளுக்குத் தோன்றியது. எழுதி அடித்தாள். வேறு மாதிரி எழுதினாள், அதையும் அடித்தாள். மூன்றாவது தாளில், வீட்டில் வழங்குகிற சொல்லையே போட்டுவிட்டாள். பதிவேடு எழுதிப் பழகிய கை என்பதால் நேரமும் குறிப்பும் மட்டும் கச்சிதமாக விழுந்தன.

"எங்கள் தெருவில் ஒரு பெரிய வண்டி பத்தொன்பது ராத்திரியாக நிற்கிறது. உள்ளே ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இருக்கிறார்கள். தினமும் காலை 7.10க்கு வண்டியிலிருந்து ஒரு சூட்கேஸ் 14ஆம் எண் வீட்டுக்குள் போகிறது. போகும்போது கனமாக இருக்கும். 7.25க்குக் காலியாகத் திரும்பும். இதனால் அக்கம்பக்கத்தாரின், குறிப்பாக இளம் பிள்ளைகளின், உடல்நலம் கெடும். பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது மகா பாவம்."

கையுறை போட்டுக்கொண்டு மடித்து, உறையில் போட்டு ஒட்டி, வீட்டுக்குத் திரும்பும் வழியில் வார்டு அலுவலகப் பெட்டியில் போட்டாள். மனசு லேசாயிற்று. இரண்டு நாளில் சுகாதாரப் பிரிவிலிருந்து ஆள் வருவான், விதியைக் காட்டுவான், வண்டி டெப்போவுக்குப் போய்விடும், நாமும் வாசலில் நின்று ஐயோ போறீங்களா என்று வருத்தப்பட்டு வழியனுப்பலாம் என்று கணக்குப் போட்டாள். அந்த வருத்தத்தை எப்படிச் சொல்ல வேண்டும் என்று கூட யோசித்து வைத்திருந்தாள்.

அந்தக் கடிதத்தை வேறு ஒருவர் படித்தால் என்ன நினைப்பார் என்று மட்டும் யோசிக்கவில்லை.

நாலாம் நாள் காலை ஏழு பத்து. கொழுந்தன் வழக்கம் போல, "சூட்கேஸ் வருது" என்று குரல் கொடுத்துக்கொண்டு படியேறிக் கூடத்துக்குள் வந்தார். அவர் பின்னாலேயே, கூப்பிடாமலேயே, இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வார்டு அதிகாரி, சுருக்கம் விழாத வெள்ளைச் சட்டை. இன்னொருவர் போலீஸ்காரர், அவர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். தையல்காரி கையில் அளவு நாடாவோடு படி வரைக்கும் வந்துவிட்டாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் போகச் சொல்லவுமில்லை.

அதிகாரி, "சூட்கேஸைக் கீழே வைங்க" என்றார்.

கொழுந்தன் சிரித்தார். "சார், இது சூட்கேஸ் இல்லை."

பிடிபட்டவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது அதுதான் என்று அதிகாரியின் முகம் சொன்னது. அவர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து, கூடத்துக்கே கேட்கும்படி படித்தார். தினமும் 7.10. கனமாகப் போகும். காலியாகத் திரும்பும். இளம் பிள்ளைகள். குற்றம் இன்னதென்று அவர் சொல்லவில்லை, ஆனால் போலீஸ்காரர் தெருமுனைப் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் போதைப் பொடி விற்கிறவர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னதில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று அதிகாரி கேட்டார்.

கொழுந்தன் வாசலில் நின்ற தையல்காரியைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் சேர்ந்துவிட்ட நாலைந்து தலைகளைப் பார்த்தார். தெருவில் நின்று பல் தேய்க்கக் கூச்சப்படாதவர், அந்த இடத்தில் கூச்சப்பட்டார். "அது... குடும்ப விஷயம் சார்."

போதாதா. அதிகாரி குந்தி உட்கார்ந்தார். பெட்டியைப் படுக்கப் போட்டார்.

பினாயில் அக்காவுக்கு அப்போது ஒரே ஒரு சொல் போதும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். அதைச் சொல்லியிருந்தால் அதிகாரி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்திருப்பார். அவள் வாயைத் திறந்தாள். தாளில் வராத சொல் நாக்கிலும் வரவில்லை. "வேண்டாம் சார்... அதுல... அது வந்து..." என்றாள்.

"அம்மா, நீங்க தள்ளி நில்லுங்க" என்ற அதிகாரி, மூடிப் பக்கத்திலிருந்த பிடியை முழு பலத்தோடு இழுத்தார்.

நல்ல வெயில் காலம். மருந்து ஊற்றாத பெட்டி. காற்றுப் போக ஒரு பொத்தான் உண்டு, அதை அழுத்திவிட்டுத்தான் திறக்க வேண்டும் என்று கொழுந்தன் பிற்பாடு எல்லோருக்கும் விளக்கினார். அப்போது யார் அழுத்தினார்கள். உள்ளே ராத்திரி முழுக்கப் பொங்கிக்கொண்டிருந்தது ஒரு விக்கல் விக்கி, அதிகாரியின் வெள்ளைச் சட்டையில் கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் அடித்தது. மிச்சம் சாவகாசமாகக் கூடத்தில் இறங்கியது. பழுப்பும் பச்சையுமாக, ஊறிப் பிய்ந்த காகிதத் துணுக்குகளோடு, வாட்டம் பார்த்து, மேஜைக் காலைச் சுற்றிக்கொண்டு சமையலறைப் பக்கம் போயிற்று. மேஜை மேல் அவளுடைய டப்பா திறந்திருந்தது. அதற்குள்ளும் ஒரு துளி.

போலீஸ்காரர் வாசலுக்கு ஓடினார். வெளியே ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. படியில் நின்ற தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் மறைந்தன. தையல்காரி மட்டும் அளவு நாடாவை மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டு நின்ற இடத்தை விடவில்லை. அவளை அந்த ஒரு விஷயத்தில் மெச்சத்தான் வேண்டும்.

சத்தம் கேட்டு ஆகட்டும் சார் குளியலறையிலிருந்து காதில் சோப்பு நுரையோடு வந்து, பார்த்து, பக்கத்திலிருந்த நாற்காலியின் மேல் ஏறி நின்றுகொண்டார்.

கொழுந்தன் அசையவில்லை. அவர் தரையைப் பார்க்கவில்லை. அதிகாரியின் கையில் நனைந்து தொங்கிய தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகப் பேசினார்.

"இதைச் சூட்கேஸ்னு சொல்றது உலகத்துலேயே நாலு பேர்தான். நான் எழுதலை. என் பொண்டாட்டி எழுதலை. அண்ணன் எழுதினா 'ஆகட்டும்'னு ஒரு வார்த்தைதான் இருக்கும்." அவர் திரும்பினார். "ஏன் அண்ணி?"

பினாயில் அக்கா பதில் சொல்வதற்குள் ஓரகத்தி வண்டியிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். ஒரு பார்வைதான் பார்த்தாள். புடவையைத் தூக்கிச் செருகினாள். கைக்குக் கிடைத்த துணியை எடுத்து மண்டியிட்டு உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தாள். கைக்குக் கிடைத்தது, சமையலறைக் கொடியில் தொங்கிய, தட்டு துடைக்கிற வெள்ளைத் துணி. பினாயில் அக்கா வாரத்துக்கு இரண்டு தடவை கொதிநீரில் போட்டு எடுக்கிற துணி. அது ஒரே இழுப்பில் நிறம் மாறியது.

"நீங்க தள்ளுங்க அக்கா" என்றாள் ஓரகத்தி, நிமிராமல். "எனக்குப் பழக்கம்தானே."

அதை அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. குத்திக்காட்டச் சொல்லியிருந்தால் கூடத் தேவலை, பதிலுக்கு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்.

"நான்தான் எழுதினேன்" என்றாள் பினாயில் அக்கா. "போகச் சொல்ல வாய் வரலை, எழுதிட்டேன். நீ எனக்குச் செஞ்சதை நான் மறக்கலைம்மா. ஆனா எனக்கு அருவருப்பா இருக்கு. உங்க மலத்தை என் வீட்டுக் கூடத்து வழியா இழுத்துக்கிட்டுப் போறது எனக்கு அருவருப்பா இருக்கு. முதல் நாள்லேர்ந்து இருந்தது. இப்பவும் இருக்கு. நாளைக்கும் இருக்கும்."

சொல் வந்துவிட்டது. வர வேண்டிய நேரத்துக்கு ஐந்து நிமிடம் பிந்தி.

ஓரகத்தி துடைத்துக்கொண்டே இருந்தாள். அதிகாரிதான் கடைசியில் வாயைத் திறந்தார், திறந்ததும் உள்ளே எதுவும் போய்விடக் கூடாது என்கிற ஜாக்கிரதையோடு, உதட்டோரத்தால் பேசினார். சாயங்காலத்துக்குள் இந்த வண்டி டெப்போ இடத்தில் இருக்க வேண்டும், இந்த வார்டுக்குள் மறுபடி தலைகாட்டினால் வண்டியை வேறு இடத்தில்தான் தேட வேண்டியிருக்கும், பெயர் போடாமல் எழுதுகிறவர்கள் பெயரைப் போடாவிட்டாலும் பொருளின் பெயரையாவது ஒழுங்காகப் போட வேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, கைகளை உடம்பில் படாமல் அகட்டி வைத்துக்கொண்டு, தெரு வழியே நடந்து போனார். தெரு அவருக்கு ரொம்ப தாராளமாக வழி விட்டது.

"அப்ப நாங்க கிளம்பறோம் அண்ணே" என்றார் கொழுந்தன்.

நாற்காலி மேலிருந்து ஆகட்டும் சார், வேறென்ன சொல்வார், சொன்னார்.

அன்றைக்கு அவள் வேலைக்குப் போகவில்லை. கூடத்தைக் கொதிநீரால் இரண்டு முறை, பினாயிலால் இரண்டு முறை, ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்த மருந்தால் மூன்று முறை கழுவினாள். மேஜையைப் பழைய சாமான்காரனிடம் தூக்கிக் கொடுத்தாள். டப்பா, துணி, மிதியடி, விரிப்பு, மக் எல்லாம் குப்பைக்குப் போயின. ஆகட்டும் சார் அவளிடம் சண்டை போடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே என்று சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டு வந்தார், அவ்வளவுதான். அவள் கூப்பிட்டால் சொந்தக்காரர்கள் வீட்டுத் தொலைபேசி, யாரும் எடுக்காமல், மணி அடித்து ஓய்ந்தது. பெரிய நாத்தனார் மட்டும் தானே கூப்பிட்டு, இவள் எடுக்கும் வரைக்கும் விடாமல் அடித்து, "ஆஸ்பத்திரியில ஊரார் ரத்தத்தைக் கழுவுறவளுக்கு வீட்டு மனுஷங்க உறுத்துறாங்களா" என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

மூன்றாவது வாரம் ஓரகத்தியே கூப்பிட்டாள். குரலில் ஒரு கோணலும் இல்லை. டெப்போ இடம் ரொம்ப வசதியாக இருக்கிறதாம். நாற்பது வண்டிக்கு மேல் நிற்கிறதாம். காலையில் எல்லோரும் அவரவர் பெட்டியோடு குழிக்கு முன்னால் வரிசையில் நிற்கும்போதே பாதிப் பேர் சிநேகிதமாகிவிட்டார்களாம். இவரைச் சங்கத்துக்குச் செயலாளராக்கிவிட்டார்களாம். "ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாங்க அக்கா" என்றாள். "நீங்க வந்து ஒரு வாய் சாப்பிட்டாத்தான் அவருக்கு மனசு ஆறும். நாலு பேருக்கும் நான் சொல்லிக்கலாம்."

வர முடியாது என்று சொல்ல ஆயிரம் சாக்கு இருந்தது. பினாயில் அக்கா வருகிறேன் என்றாள்.

போனாள். வண்டிக்குள் நாலு பேர் உட்கார்ந்தால் மூச்சு விடுவதற்கு முறை வைத்துக்கொள்ள வேண்டும். மடக்கு மேஜையை விரித்தார்கள். அவளை உள்பக்கமாக, வசதியான இடம் என்று உட்கார வைத்தார்கள். அவள் முழங்கை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கதவில் இடித்தது. கதவின் அடியில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளி வழியாக, சமையல் வாசனைக்கு நடுவே ஒரு நூலாக, அது வந்தது. அவளுக்குத் தெரியாத வாசனையா.

ஓரகத்தி தட்டு வைத்தாள். தட்டைத் துடைத்த துணியை அக்கா பார்க்காமல் இருக்க முயன்றாள், பார்த்தாள். ஆகட்டும் சார் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். கொழுந்தன் சங்க விவகாரம் பேசினார், பழையதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் முதல் கவளத்தை மெல்லாமல் விழுங்கினாள், இரண்டாவதையும். நன்றாகத்தான் சமைத்திருந்தாள் மகராசி.

பாதிச் சாப்பாட்டில் கொழுந்தன் எழுந்தார். "ஒரு நிமிஷம் அண்ணி" என்று அவளை இடித்துக்கொண்டு பிளாஸ்டிக் கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார்.

ஒரு சாண் தூரம். நடுவில் அட்டை கனத்தில் ஒரு கதவு. உள்ளே அவர் உட்கார்ந்ததும் வண்டியே லேசாக ஆடியது. பிறகு சத்தம். ஓரகத்தி அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளாமல், கரண்டியைத் தட்டுக்கு மேலே பிடித்துக்கொண்டு அக்காவின் முகத்தையே பார்த்தாள். அந்த முகத்தில் ஒரு சுளிப்பு விழுகிறதா என்று பார்க்கிற பார்வை இல்லை அது. விழக் கூடாதே என்று பயப்படுகிற பார்வை.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா அக்கா?"

பினாயில் அக்கா வாய் வழியாக ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள். தட்டை நீட்டினாள்.

"வை" என்றாள்.